நானூற்று இருபது வாட்

டூங்காபியில் ஜனவரி.
வெளியே நாற்பத்து மூன்று பாகை,
குசினியில் முப்பத்து நான்கு,
எங்கள் பின்னறையில் முப்பத்தெட்டு.
இடையிலுள்ள அந்த நாலு பாகை
துவாரகனுடையது.

நான் இரவில் முதியோர் இல்லத்தில்
கட்டில் கட்டிலாகப் புரட்டிப் படுக்க வைப்பவள்.
பகலில் எனக்கு ஒரு கட்டில் வேண்டும்.
அதன் கால்மாட்டில் அவன் மேசை,
மேசைக்குக் கீழே கறுப்புப் பெட்டி.
போர்வைக்கு வெளியே நீண்ட என் பாதத்தில்
நாள் முழுக்க மூச்சு விடும்.

அவன் வேலை, இன்னும் கட்டாத வீடுகளைப்
படமாக்கிக் கொடுப்பது.
நீச்சல் குளம், கண்ணாடிக் கதவு,
விராந்தையில் விழும் மரநிழல்.
வாங்குகிறவர்கள் நிழலைப் பார்த்துத்தான்
கையெழுத்து வைக்கிறார்களாம்.

மலிவு விற்பனையில் பெட்டிக்குள் பூட்ட
இன்னும் இரண்டு காற்றாடி வாங்கி வந்தான்.
பெட்டி குளிர்ந்தது.
அறை கொதித்தது.
"காத்தாடி வெக்கையைக் கொல்லாது,
தள்ளித்தான் விடும்" என்றான்,
தானே கண்டுபிடித்தவன் மாதிரி.
யாரிடம் தள்ளி விடுகிறது என்று
நான் கேட்கவில்லை.

பிறகு சுவரில் ஒரு மீட்டர் செருகினான்.
நானூற்று இருபது வாட்.
குடிக்கிற மின்சாரம் அத்தனையும்
கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்,
ஒரு சொட்டும் மிஞ்சாது.
"சின்ன ஹீட்டர் ஒண்டு ஓடுது, அவ்வளவுதான்."
"ஜனவரியில்?" என்றேன்.

பெட்டியைத் துணி துவைக்கும் அறைக்குக் கடத்தினோம்.
கதவிடுக்கால் நீண்ட வயர்கள்.
என் காலுறைகள் அரை மணியில் காய்ந்தன.
அந்த இரண்டு நாளும் நான் செத்தமாதிரித் தூங்கினேன்.
மூன்றாம் நாள் துணிப்பஞ்சு
அதன் மூக்கெல்லாம் அடைத்து,
வாஷிங் மெஷினும் சேர்ந்து சுழன்றபோது
வீடு மொத்தமும் இருண்டது.
திரும்பி வந்தது, கால்மாட்டுக்கே.

அதன்பின் அவன் மின்னழுத்தத்தை இறக்கத் தொடங்கினான்.
குழம்புக்கு உப்புப் பார்க்கிறவன்போல
ஒரு சொட்டு, பொறு, இன்னொரு சொட்டு.
ஒரு கட்டத்தில் திரை நீலமாகிச் செத்தது.
ஒரு படி மேலே ஏறி நின்றான்.
முந்நூற்றுப் பத்து.
படம் முடிய எட்டு நிமிடம் கூடுதல்.
"எட்டு நிமிசம்! இவ்வளவு நாளும்
அந்த எட்டு நிமிசத்துக்கோ
உன்னைப் பொரிச்சனான்?"

இரண்டாவது திரையை அணைத்தான்.
முதல் திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கினான்.
இருநூற்று எழுபது.
இதற்கு மேல் இறங்காது என்று
மீட்டரின் முன் குந்தியிருந்தான்.

நிழலை எடுத்துவிட்டால் என்ன, என்றது நான்.
விளையாட்டாகத்தான்.
திரும்பிப் பார்த்தான்.
பெட்டியை வாட்டுவது அதுதானாம்:
இலை இலையாக ஒளி எங்கே மறிபடுகிறது,
கண்ணாடியில் எப்படி வளைகிறது,
குளத்தில் எத்தனை துண்டாகிறது என்ற கணக்கு.
நிழல் வரையத்தான்
இத்தனை வெயில்.

இப்போது பகலில் நிழலில்லாமல் வரைகிறான்.
தொண்ணூறு வாட்.
கனத்த கணக்கெல்லாம் இரவுக்கு,
நான் வேலைக்குப் போனபின்,
யன்னலைத் திறந்துவிட்டு.

தூக்கம் கலைந்த ஒரு பின்னேரம்
அந்தப் படத்தைப் பார்த்தேன்.
வீட்டுக்கு முன் அவன் எப்போதும் ஒட்டுகிற ஆட்கள்,
தொப்பி போட்ட ஒருத்தி, ஒரு பிள்ளை, ஒரு நாய்,
நிழலில்லாமல்
புல்லுக்கு ஒரு விரல் மேலே
மிதந்துகொண்டிருந்தார்கள்.
நாய்க்குக்கூட நிலம் இல்லை.

வெள்ளி எனக்கு விடுமுறை.
இரவு பத்தரைக்குத் தெற்குக் காற்று வந்தது,
கதவுகளை ஒவ்வொன்றாக அறைந்துகொண்டு.
பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி
தெருவில் உருண்டது.
அரை மணியில் பதினாறு பாகை இறங்கியது.

"இனிப் போடலாம்" என்றேன்.
அவன் ஒரு பொத்தானை அழுத்தினான்.
பெட்டி மெல்ல இரைந்தது,
பாதத்தில் அதன் பழைய மூச்சு.
நான் காலை இழுக்கவில்லை.
திரையின் இடது மூலையிலிருந்து
சதுரம் சதுரமாகப் படம் நிறைய,
முதலில் மரத்தடி கறுத்தது,
பிறகு பிள்ளையின் செருப்பு,
பிறகு நாயின் நாலு கால்.

தொப்பிக்காரி கடைசியில் இறங்கினாள்.
புல்லில் நின்றாள்.