வின்டர்தூர், இரவு மூன்று

ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் அச்சிடும் பிரிண்டர்
நின்றுபோனால்
வ்ரேனி என்னை எழுப்புவாள்.
ரூட் கடவுச்சொல் என்னிடம்,
குப்பி அவளிடம்.

நேற்று ஒரு வரி எழுதினேன்:
இவள், இந்த ஸ்கிரிப்டை மட்டும்,
முழுப் பாதையோடு,
பின்னால் எதுவும் சேர்க்காமல்.
ஓட்டலாம்; திருத்த முடியாது.

பாதையின் கடைசியில்
சோம்பலில் விட்டிருந்தேன் ஒரு நட்சத்திரக் குறி.
அந்தப் பொத்தலில் ஆஸ்பத்திரியே நுழைந்துவிடும்.
வியர்த்துப்போய் அழித்தேன்.

அவள் கொத்துச்சாவி கேட்டவளே இல்லை.
"பிரிண்டர் ஓடினால் போதும், இளம்பரிதி."

இன்று பனி.
போன் அடிக்கவில்லை.
ஆனாலும் மூன்றுக்கு விழிப்பு வந்து
பதிவேட்டைத் திறந்தேன்.
03:07 வ்ரேனி, சரி.
03:09 வ்ரேனி, சரி.

இரண்டாம் தடவை எதற்கு?

கேட்கலாமா என்று
போனைக் கையில் வைத்தபடி
உட்கார்ந்திருக்கிறேன்.