ஐந்து ஆம்பியர்

திரிப்போலியின் அல்-மினாவில்
மொட்டைமாடி என்றால் இருட்டில் ஏழு தளம்.
லிஃப்ட் பிப்ரவரியிலிருந்து நான்காவதில் நிற்கிறது.
உள்ளே யாரோ விட்டுப்போன வெங்காய மூட்டை
முளைத்துவிட்டதாகக் கேள்வி.

பையில் அளவு நாடா, திசைகாட்டி,
சாக்கட்டி, கடன் படிவங்கள்.
வீட்டுக்காரர்களிடம் நான் எடுத்தவுடன் விலை சொல்வதில்லை.
ஒன்று மட்டும் கேட்பேன்:
இரவில் உங்களுக்கு எது அணையக் கூடாது?

குளிர்பெட்டி என்றார் விதாத்.
அதற்குள் இருக்கும் இன்சுலின், என்று திருத்தினார்.
நஸீஹுக்கு இணையம்,
மாண்ட்ரியாலில் மகனுக்கு வேலை முடியும்போது
இங்கே இரவு இரண்டு.
விளக்கு போகட்டும், மெஷின் ஓடினால் போதும்,
விரலுக்குத் துணி தெரியும் என்றாள் தையல்காரி கௌஸர்.
சுங்கத்தில் ஓய்வுபெற்றவர்
கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்:
மீன்தொட்டி.

எல்லாவற்றையும் வாட்டாக்கிக் கூட்டுகிறேன்.
பன்னிரண்டு தகடு கேட்டவருக்கு ஆறு போதும் என்கிறேன்,
முதலாளி என்னைத் திட்டுவது அதனால்தான்.
பேட்டரியைக் கட்டிலுக்கடியில் வைக்காதீர்கள்.
பால்கனி வெயிலிலும் வேண்டாம்.
கடல் இருநூறு அடியில் இருக்கிறது,
சாதா போல்ட் இரண்டே மழையில் அழுது வடியும்.

மாடியில் ஆறு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி,
பதினோரு டிஷ், ஒரு புறாக்கூண்டு.
மிச்சமிருக்கும் வெயிலுக்கு
யார் பெயரில் பட்டா?
சாக்கட்டியால் கோடு போட்டேன்.
மறுநாள் போனால் கோடு
ஒரு முழம் தெற்கே நகர்ந்திருந்தது.
ஒருவரும் பார்க்கவில்லையாம்.
புறாக்கள் பார்த்திருக்கும்.

அரசு மின்சாரம் விடிகாலை மூன்றுக்கு வரும்.
கட்டடமே எழுந்து துணி துவைக்கும்.
ஐந்துக்குப் போய்விடும்.
மற்ற நேரமெல்லாம் ஹாஜ் முன்ஸிரின் ஜெனரேட்டர்.
மாதச் சந்தா ஐந்து ஆம்பியர்.
இஸ்திரிப்பெட்டியைச் செருகினால்
குளிர்பெட்டி மூச்சைவிடும்.

நாங்கள் தகடு ஏற்றிய நாளெல்லாம்
அவர் எதிர்க்கடையில் நாற்காலி போட்டு
காபி குடித்தார்.
என் கம்பியை ஒவ்வொன்றாக அறுக்கிறாய், பெண்ணே
என்றார் ஒருநாள். கோபமாகக் கூட இல்லை,
சீட்டுக்கட்டில் எத்தனை மிச்சம்
என்று கேட்கிற குரல்.

அக்டோபரில் இரவு பத்தரைக்கு
தெரியாத எண்ணிலிருந்து அவரே அழைத்தார்.
என் வீட்டுக்கும் ஒரு கணக்குப் போட வேண்டும்.
பகலில் வராதே.
தெருவிலிருந்து தெரியாதபடி
தகடு படுக்குமா?

படுக்கும். கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும்.

அவர் வீட்டின் அடித்தளத்தில்தான் ஜெனரேட்டர்.
சுவரில் கைவைத்தால் காய்ச்சல்காரன் முதுகு.
மாதம் எத்தனை ஆம்பியர் எரிக்கிறீர்கள்?
விழித்தார்.
நானூறு வீட்டுக்கு மீட்டர் வைத்தவர்
தன் வீட்டுக்கு வைத்ததில்லை.

சரி, இரவில் எது அணையக் கூடாது?
மனைவியைப் பார்த்தார்.
அவர் உதட்டைப் பார்த்துத்தான்
என் கேள்வியைப் படித்தார்,
காது போய் ஆறு வருடமாம்.
எங்களுக்கு ஒன்றும் அணைந்ததில்லையே
என்றார் சற்று உரக்க,
தப்பு செய்தவர் மாதிரி.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது.
தள்ளுபடி கேட்டார். தரவில்லை.
இன்வெர்ட்டர் பச்சை காட்டியதும்
டீசல் தீர்ந்த நேரமாகப் பார்த்து
கீழே எந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

தெரு கெட்டது.
யாரோ திட்டினார்கள், ஒரு குழந்தை கைதட்டியது.
இவர் வீட்டில் மட்டும் விளக்கு.
எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டார்.

பிறகு அசையாமல் நின்றார்.
அது என்ன சத்தம்?
எது?
அந்த ம்ம்ம் என்று.
உங்கள் குளிர்பெட்டி, ஹாஜ்.

சமையலறைக்குப் போய் அதன் கதவில் காதை வைத்தார்.
எப்போதும் இப்படித்தான் பாடுமா இது?

நான் போல்ட் டப்பாவைக் கொட்டி எண்ணினேன்.
இரண்டு குறைந்தது.
மறுபடி ஏற வேண்டும்.