முதல் இழுப்பு நெடில்

வயோமிங்கில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
பஃபலோவிலிருந்து கேசி போகும் சாலையில்
கதவைத் திறந்தால் கதவையே கேட்கும்.
மார்லிஸுக்கு இன்று நாலு வீடு முடிந்தது.
மிச்சம் எச்செவெரி,
ஒரு காலத்தில் இரண்டாயிரம் ஆடு மேய்த்தவர்,
இப்போது காலில் ஆறாத புண் ஒன்று.

நோயாளி வீட்டுக்குள் பிஸ்டல் வராது.
கம்பெனி விதி, அவள் விதியும்.
இருக்கைக்கு அடியில் இரும்புப் பெட்டி,
சாவி கழுத்துச் சங்கிலியில்.
வெளியே வந்ததும் மறுபடி இடுப்பில்,
சட்டைக்குள், தொப்புளுக்கு வலப்பக்கம்.
போன நவம்பருக்கு முந்தைய நவம்பரில்
ஒரு லாரி விளக்கணைத்துக்கொண்டு
முப்பது மைல் பின்னாலேயே வந்தது.
அதற்குமேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நாளுக்கு ஐந்து எடுப்பு, ஐந்து வைப்பு.
தகர டப்பாக்களைத் தவிர
இதுவரை எதையும் சுட்டதில்லை.

வாங்கிய அன்று லைல் பெட்டிஜான்
கண்ணாடி மேசைமேல் மூன்றைப் பரப்பினான்.
ஒன்றுக்குச் சுத்தி வெளியே தெரியாது,
உள்ளே ஊசி பாதி நாணேற்றியே காத்திருக்கும்.
விசையைத் தேய்த்துத் தேய்த்து
மூன்றரை பவுண்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.
"பட்டு" என்றான்.
ஒன்று முழு நாணேற்றியது,
கட்டைவிரல் பூட்டு ஒன்றை நம்பி உறங்குவது.
மூன்றாவதில் சுத்தி படுத்துக் கிடந்தது.
முதல் இழுப்புக்குப் பதினொரு பவுண்டு, தூரமும் கூட.
அதன்பிறகு நாலரைதான்.
"உன் கைக்கு இது கனம், மார்லிஸ்."
"உன் தொடையில் அந்தக் குழி எதனால், லைல்?"
கேட்டிருக்க வேண்டாம்.
ஆறு வாரம் கட்டு மாற்றியவள் அவள்தான்.
அவன் முதலாவதைத் தொட்டான்,
சுட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டான்.

கண் இமைப்பது ஒரு மாத்திரை, கை நொடிப்பது ஒரு மாத்திரை.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
அவள் வாங்கியதில் முதல் இழுப்பு நெடில்.
அதற்குள் "வேண்டாம்" என்று சொல்லி முடிக்க முடியாது;
"வே" மட்டும் சொல்லலாம்.
அடுத்தவை குறில்:
சுடு, விடு, கெடு.

இன்று கைகள் விறைத்திருந்தன.
காருக்கு வெளியே நின்று, பழக்கத்தில்,
சட்டையைத் தூக்கி, குனிந்து பார்க்காமல்
உறைக்குள் இறக்கினாள்.
கட்டைவிரல் மட்டும் சுத்தியின் முதுகில்.
பாதி தூரத்தில்
அந்த முதுகு நிமிர்ந்தது.

மயிரிழை. அதற்கு மேல் இல்லை.
தூங்குகிறதென்று நினைத்துத் தடவிய நாய்
ரோமத்துக்கு அடியில் உறுமுமே, அப்படி.
விரல்கள் ஐந்தும் வெளியேதான் இருந்தன.
பிறகு யார் இழுப்பது?

அழுத்தவில்லை. மூச்சும் விடவில்லை.
இறங்கிய வழியே மெல்ல மேலே.
மேலங்கியின் இடுப்புக் கயிறு,
அதன் நுனியில் பட்டாணி அளவு பிளாஸ்டிக் குண்டு,
விசை வளையத்துக்குள் தலைநீட்டிக்கொண்டிருந்தது,
வீட்டுப் பிள்ளைபோல.

அந்த நேரம் அவளுக்கு லைல் நினைவு வரவில்லை.
கடவுளும் வரவில்லை.
தொடைக்குள் ஓடும் பெருந்தமனி எங்கே கிளைக்கிறது,
வெட்டுப்பட்டால் எத்தனை நிமிடம்,
பஃபலோ ஆம்புலன்ஸுக்கு எத்தனை நிமிடம்,
அந்தக் கழித்தல் கணக்கு மட்டும் வந்தது.

பிஸ்டலைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள்.
கட்டுத்துணி வெட்டும் கத்தரியால்
கயிற்றை இரு பக்கமும் நறுக்கினாள்,
தொப்பியின் கயிற்றையும்.
குண்டுகள் நாலும் காபிக் கோப்பைக் குழியில்
சில்லறையோடு கிடந்தன.
இனிமேல் உறையைக் கழற்றி, மேசையில் வைத்து,
கண்ணால் பார்த்து நுழைத்து,
அப்புறம்தான் இடுப்பு.
நேரமாகும். ஆகட்டும்.

எச்செவெரி கதவைத் திறந்துவைத்திருந்தார்.
"இருபது நிமிடம் லேட்."
"கயிறு ஒன்று சிக்கிக்கொண்டது."
"ஆட்டுக்குட்டிக்கும் அப்படித்தான் ஆகும்" என்று
காலை நீட்டினார்.
அவர் மணிக்கட்டில் ஆள்காட்டி விரலை வைத்தாள்.
நாடி கிடைக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தினாள்.
எண்ணிக்கை தவறியது.
மறுபடி ஒன்றிலிருந்து.