மூன்றாவது டேக்

சாலிகிராமத்தில் ஒரு மொட்டை மாடி அறை,
கீழே பிரியாணிக் கடை.
டேக் ஓடும்போது ஏசி ஓடக் கூடாது.
மே மாதம். கதவிடுக்கில் மடித்த போர்வை.
உள்ளே நிற்பவர் யாராயிருந்தாலும்
பத்தே நிமிடத்தில் கொதிகலன்.

வெளிநாட்டுச் சிறுவர் தொடர், எபிசோடு பதினாறு.
முகம் முளைத்த இரண்டு நீராவி எஞ்சின்கள்.
ஞாயிற்றுக்கிழமை சர்க்கஸ் வண்டியை
யார் இழுப்பது என்று சண்டை.
பெரியவன் இடிமுழக்கம்.
சின்னவள் குண்டூசி.
பெயர் வைத்த வசனகர்த்தாவுக்கு
இன்னும் எண்ணூறு ரூபாய் பாக்கி.

எஞ்சின்களுக்கு உதடு அசையாது,
கண் மட்டும் உருளும்.
வாய்க்கு வார்த்தையை ஒட்டவைக்கும் பாடு
இந்த முறை இல்லையென்று நிம்மதியாக இருந்தேன்.
புகைக்கும் சக்கரத்துக்கும் தனி டிராக்,
கடல் தாண்டி வந்தபடியே இருக்கும்.
நீராவிக்கு மொழிமாற்றம் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை தணிகைவேல் அண்ணன்.
வியாழக்கிழமை ஜெசிந்தா அக்கா.
ஒரே நாளில் இருவரையும் கூப்பிடும் தைரியம்
இந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

இரண்டு வருடம் முன்னால், ஸ்டிரைக்.
நாற்பத்தோரு நாள்.
அண்ணன் வாசலில் கொடியோடு நின்றார்.
அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
பின்படி ஏறிப் போனார்,
ஒரு சீரியல் மாமியாருக்காக அழுவதற்கு.
பையனுக்கு டேர்ம் பீஸ்.
இறங்கி வரும்போது அண்ணன் ஒரு சொல் சொன்னார்.
ஒன்றே ஒன்று.
இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

காட்சி இதுதான்:
ஏற்றத்தில் இடிமுழக்கம் மூச்சிரைத்து நிற்கிறான்.
யானை சரிகிறது. கோமாளிகள் கத்துகிறார்கள்.
குண்டூசி பின்னால் வருகிறாள்.
வீம்பு விடவில்லை அவனுக்கு.
பேப்பரில் இருந்த வசனம்:
‘தள்ளிப் போ, கரிமூஞ்சி!’

முதல் டேக்கில் மைக் குத்திற்று.
இரண்டாவது நன்றாகவே இருந்தது.
‘இன்னொண்ணு போறேன்’ என்றார்.
கண்ணில் வேர்வை, இருட்டு,
‘தள்ளிப் போ, கருங்காலி!’

கவனித்தாரா, தெரியாது.
தண்ணீர் குடித்தார்.
‘ரெண்டாவதை வச்சுக்க’ என்று சொல்லிவிட்டு
வவுச்சரில் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை அக்காவின் ஹெட்போனில்
இரண்டாவது போயிருக்க வேண்டும்.
விரல் தவறி மூன்றாவதை ஓட்டிவிட்டேன்.
விரல் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

பதில் சொல்ல ஒன்றரை நொடி இடம்.
அக்கா பேசவில்லை.
படம் போய்க்கொண்டே இருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் அவர் மூக்குக்கண்ணாடியில்
ஆவி படர்ந்திருந்தது.
வண்டி குகைக்குள் நுழைந்தது,
திரையில் முகமில்லை, யானையில்லை, வெறும் கறுப்பு,
அந்தக் கறுப்புக்குள் சொன்னார்:
‘வாயை மூடு. பின்னாலருந்து தள்றேன்.’

இரண்டாவது டேக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
வெளியே வந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.
‘அதையே வை தம்பி.
பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்?
கருங்காலின்னா மரம்.
உலக்கைக்கு ஆகும்.’

மும்பையிலிருந்து திருத்தப் பட்டியல் வந்தது.
பதினொன்று நாற்பத்திரண்டு: இச்சொல்லின் பொருள் என்ன?
மரம் என்று எழுதி அனுப்பினேன்.
எஞ்சினை ஏன் மரம் என்று திட்ட வேண்டும் என
நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஒளிபரப்பு.
பத்து மணிக்கு எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில்
மூன்றாம் மாடிப் பையன் தன் தங்கையை
‘தள்ளிப் போ கருங்காலி’ என்றான்.
‘வாயை மூடு’ என்று அவள் முதுகில் தள்ளினாள்.

பத்தேகாலுக்குப் போன்.
‘மூணாவதையா போட்ட?’
‘ஆமாண்ணே.’
‘ஜெசி கேட்டாளா?’
இரண்டு வருடத்தில் அந்தப் பெயரை
அவர் வாயில் நான் கேட்டதில்லை.
‘கேட்டாங்க.’
‘என்ன சொன்னா?’
‘டிவியில பாத்தீங்கள்ல. அதான்.’

அந்தப் பக்கம் யாரோ
குக்கர் வெயிட்டைத் தூக்கியிருக்க வேண்டும்.
நீளமாக ஆவி போயிற்று.
போனை அவரும் வைக்கவில்லை.