இரண்டாம் குடும்பப்பெயர்

சர்வர் வாடகைக்காரர்கள் கடிதம் போட்டார்கள்:
முப்பதாம் தேதி நள்ளிரவோடு
பழைய பதிப்பை அணைக்கிறோம்.
காரணம் ஒரு வரி, வருத்தம் ஒரு வரி.
பதில் எழுத இடம் விடவில்லை.

கெயோன் துறையில் அன்று
மழை படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
ஃபெர்ரி டிக்கெட் அலுவலகத்தின் பின்னறையில்
விறகடுப்பை ஒட்டி மேசையை இழுத்துப் போட்டு
நானும் யெர்க்கோவும் மொழியை மாற்றினோம்,
ஏழிலிருந்து எட்டுக்கு.
ஒரு எண்தானே, என்றான் யெர்க்கோ,
கீழ்வீட்டுக்காரன் மாடிக்குக் குடிபோகிற மாதிரி.

எங்கள் ஃப்ரேம்வொர்க்குக்குப் பன்னிரண்டு வயது.
எழுதியவர் யாரோ ஒரு டச்சுக்காரர்.
அவர் கடைசியாகக் கைவைத்த தேதிக்குப் பிறகு
என் மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய்,
முன்பல் இரண்டும் விழுந்து முளைத்தாயிற்று.
இப்போது தேனீ வளர்க்கிறாராம்.
கோபம் வரவில்லை.
சும்மா கொடுத்தவரிடம்
எத்தனை வருஷம்தான் கணக்குக் கேட்பது?

முதல் ஓட்டத்தில் நானூற்றுச் சொச்சம் புகார்கள்.
நெளிந்த அடைப்புக்குறி இனிச் செல்லாது, சதுரம்தான்.
ஒட்டும் காற்புள்ளியும் ஒட்டவேண்டிய பட்டியலும்
முன்பின்னாய் வந்தாலும் பொறுத்துக்கொண்ட மொழி
இப்போது வரிசையில் வா என்கிறது.
சிப்பியில் மணல் கழுவுவதுபோல
அலசினோம், அலசினோம்,
அடியில் இன்னும் நறநறத்தது.
இரவு பதினொன்றுக்கு ஒன்பது.
ஒரு மணிக்கு ஒன்று.

அந்த ஒன்று ஒரு ஆள்.

பழைய பயணிகள் பட்டியலை ஓட்டிப் பார்த்தபோது
பார்ரியா முன்யோஸ் ஏறினார்,
சிகாய் ஓஹார்சோ குடும்பமே ஏறியது, நாயோடு.
வில்னேர் எக்சாந்துஸ் ஏறவில்லை.
ஹைத்தியிலிருந்து வந்தவர்,
சால்மன் ஆலையில் இரவு முறை,
வெள்ளிதோறும் சாய்தேனுக்குப் போகிறவர்.
இங்கே எல்லாருக்கும் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று.
அவருக்கு ஒன்றுதான்.
படிவத்தில் இரண்டாவது பெட்டி காலி.

பழைய மொழி அந்தக் காலியை
ஒரு வெற்றுச் சொல்லாக எடுத்துக்கொண்டு,
ஓரத்து இடைவெளியைத் தட்டிவிட்டு
டிக்கெட் அடித்துக் கொடுத்துவிடும்,
கண்டும் காணாமல்,
நல்ல குமாஸ்தா போல.

புது மொழி நிறுத்திக் கேட்கிறது:
வெற்றுச் சொல் வேறு, சொல்லே இல்லாதது வேறு.
இது எது?
கேட்பதும் உரக்க இல்லை, முணுமுணுப்புதான்.
ஆனால் டச்சுக்காரரின் காதுக்கு
முணுமுணுப்பும் அலறலும் ஒன்று.
எது கேட்டாலும் கதவைச் சாத்திவிடும்.
வெள்ளைத் திரை. ஐந்நூறு.

வாயை அடைத்துவிடுவோம், என்றான் யெர்க்கோ,
ஒரே வரி, பிறகு தூங்கப் போகலாம்.

அடைத்திருப்பேன்.
அதற்குள் பழைய பதிவுகளைத் திறந்துவிட்டேன்.
மூன்று வருஷ வெள்ளிக்கிழமைகள்.
கவுண்டரில் இருந்தவர்கள் அந்தப் பெட்டியில்
ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்,
ஒரு கோடு,
"தெரியாது",
ஒரு மார்ச் மாதம் முழுக்க
எக்சாந்துஸ் எக்சாந்துஸ்.
மொழி மட்டுமா கண்டும் காணாமல் இருந்தது?
அந்த மார்ச்சில் கவுண்டரில் நான்.

யெர்க்கோ அடுப்பில் இன்னொரு கட்டை வைத்தான்.
டச்சுக்காரரின் கோப்பை, தொடக்கூடாத கோப்பை,
எண்பத்தெட்டாம் வரியில் திறந்தேன்.
வகைக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி.
அவ்வளவுதான் திருத்தம்:
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்,
இல்லாவிட்டால் தொடாதே.

புள்ளிகளையும் கோடுகளையும் அழிக்க
விடியும்வரை ஆயிற்று.

வெள்ளி. ரப்பர் பூட்ஸ், மீன் வாடை, ஈரக் குல்லாய்.
அச்சு இயந்திரம் ஒரு பெயரும் ஒரு குடும்பப்பெயரும் துப்பியது.
அதற்குப் பின்னால் வெறும் காகிதம்.
அவர் அதைப் பார்க்கவே இல்லை.
படகு ஏன் நாற்பது நிமிடம் தாமதம் என்று கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.