ஏழாம் இலக்க மெஷின்

லா கூர்னேவ், ஞாயிறு காலை.
சலவைக்கடையில் ஏழாம் இலக்க மெஷின் மட்டும் வெறுமையாக இருக்கிறது.
ஐந்து மாத உடுப்பை
ஒரேயடியாய் அதன் வாய்க்குள் திணிக்கிறேன்.
வீட்டு மெஷின் இவ்வளவும் தாங்காது. அதோடு
அந்தச் சிவப்பு அங்கி வாசலைத் தாண்டக்கூடாதென்று
மகன் சொல்லிவிட்டான்.
பென்குவின் எச்சம்.
கப்பலில் மூன்று தரம் தேய்த்தும்
மடிப்புக்குள் இன்னும் மணக்கிறது,
சுங்கத்துக்குச் சொல்லாமல்
நான் கொண்டுவந்த ஒரே பொருள்.

இரண்டு யூரோ நாணயம் நாலு.
வட்டக் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்குகிறது.

எல்லாம் சீட்டுக்காசு.
பதினொரு வருடம் கட்டினேன்.
கொழும்பில் மாடி வாங்கச் சொன்னார் மச்சான்.
குணமலர் மகளின் சாமத்தியவீட்டு மண்டபத்துக்குக்
கைமாற்றுக் கேட்டாள்.
"ஐஸ் பார்க்கவோ இவ்வளவு காசு?
பிரிட்ஜைத் திறந்தால் தெரியாதோ அக்கா?"
என்றான் மெல்வின், லாச்சப்பலில், இறைச்சி வெட்டியபடி.

தெரியும்.
பள்ளிக்கூடச் சமையலறையின் குளிரறைக்குள்
பத்தொன்பது வருடம் பெட்டி தூக்கியவளுக்கு
மைனஸ் பதினெட்டைத் தெரியாதோ?
ஆனால் அதற்குக் கதவு இருக்கிறது.
கதவில் கைபிடி இருக்கிறது.
கதவில்லாத குளிர் ஒன்றைப்
பார்த்துவிடவேண்டும் என்றிருந்தது.

முதலில் சாம்பேசி ஆற்றுப் பாலம்.
நீர் விழுவது தெரியவில்லை. விழுந்த நீர்
புகையாய் எழும்பி வந்து ஆளை நனைத்தது.
கைப்பையும் நனைந்தது. பாஸ்போர்ட்டும்.
இரவு விடுதியில் விரித்துக் காயப்போட்டபோது
ஒரு நாட்டின் முத்திரை கசிந்து
எதிர்ப்பக்க நாட்டுக்குள் போயிருந்தது,
யாரிடமும் கேளாமல்.
அந்த ஊதா மை எனக்குப் பிடித்தது.
அடுத்த விமானநிலையத்தில் அதே மைக்காக
நாற்பது நிமிடம் நிற்கவைத்தார்கள்.

என் பழைய பயணப்பத்திரத்தில்
எல்லா நாட்டுக்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர
என்று அச்சடித்திருக்கும்.
இப்போது மெரூன் அட்டை.
ஆனாலும் கண்ணாடிக் கூண்டைக் கண்டால்
வயிறு பழையபடிதான் கலங்குகிறது.

இகுவாசுவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.
வாயைத் திறந்தபடி நின்றேன்.
வாய்க்குள் ஆறு வந்தது.

பிறகு தெற்கே, கப்பலில்.
இரண்டு நாள் சத்தி. அறைத்தோழி ஒடில்,
பிரெஸ்ட் நகரத்துத் தாதி,
வாளியைப் பிடித்தபடி ஒரு தரமும் முகம் சுளிக்கவில்லை.
மூன்றாம் நாள் ரப்பர் படகில் கரை.
சப்பாத்தைக் கழுவச் சொன்னார்கள்.
கடதாசி கேட்க ஆளில்லை.
என் கை தன்பாட்டில் பைக்குள் போய்த் தடவியது.
வெறும் பை.
பாஸ்போர்ட்டைக் கப்பல் அலுவலகம் வைத்திருந்தது.
முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை
நான் ஒன்றுமில்லாமல் ஒரு கரையில் நின்றேன்.
சிரிப்பு வந்தது.

அப்போதுதான் எதிரே பனிச்சுவர் உடைந்தது.
வெண்மை சரிவதைக் கண் பார்த்தது.
சத்தம் பிந்தித்தான் வந்தது,
அந்தச் சத்தம், எனக்குத் தெரிந்த சத்தம்.
எல்லோரும் கமராவைத் தூக்க
நான் குப்புற விழுந்தேன்,
தலைக்கு மேல் கைகளைக் கோத்து
வாயைத் திறந்து வைத்து,
பத்து வயதில் பழக்கியபடி.

பென்குவினைக் கிட்டப் படமெடுக்கிறாள் என்று
நினைத்திருப்பார்கள்.
ஒடில் மட்டும் வந்து
ஒன்றும் கேளாமல் பக்கத்தில் படுத்தாள்,
அந்த எச்சத்துக்குள்ளேயே.
வானம் முழுக்க வெறுமை.
ஒன்றும் பறக்கவில்லை, ஒரு கடற்பறவை தவிர.

ஏழாம் இலக்கம் இப்போது பிழியத் தொடங்குகிறது.
சுவர் நடுங்குகிறது. நான் நடுங்கவில்லை,
அல்லது கொஞ்சம்.
பக்கத்துக் கதிரையில் ஒரு கபில் கிழவர்,
மடியில் போர்வை.
மெஷின் நின்று நான் கதவைத் திறக்க
மூக்கை உறிஞ்சிக் கேட்கிறார்:
"மீன்கடையிலோ வேலை, மதாம்?"

ஓமென்று தலையாட்டினேன்.