விடுப்புக் கடிதம்

மாதம் ஒரு காதுகுத்து என்று எழுதி அனுப்பினேன்.
சிவகங்கை போய் மாத்திரை வாங்கி வரும் நாள் அது.
'உங்க குடும்பத்துல மொத்தம் எத்தனை காதும்மா?'
என்று கேட்டார் ஆறாம் வகுப்பு டீச்சர்,
சிரித்துக்கொண்டேதான்.

இந்த வாரம் பொய் தேவைப்படவில்லை.

இடது விலாவில் தொடங்கி முதுகுத்தண்டோடு நின்றுவிட்ட
பாதி ஒட்டியாணம் போல ஒரு சிவப்பு,
அதன் மேல் நீர்கோத்த கொப்புளங்கள்.
சட்டை உரசினால் கத்துகிறாள் மெய்யம்மை.

அக்கி, என்றார்கள் பக்கத்துப் பங்கு சிட்டாள் ஆச்சி,
எட்டிப் பார்த்தவுடனே.
அரை மணியில் வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது.
இளநீர் வந்தது. வேப்பங்கொழுந்து வந்தது.
இவள் அப்பச்சி செத்த நாளிலிருந்து
எங்கள் அறைப் பக்கம் திரும்பாத பங்காளி வீட்டு அண்ணன்
வண்டி எடுத்துப் போய் வேளாரைக் கூட்டி வந்தார்.

கொட்டாங்குச்சியில் காவி குழைத்தார் வேளார்.
புண்ணைத் தொடாமல் சுற்றி எழுதுங்கள் என்றேன்.
சிங்கம் எழுதினார்.
'பூனை மாதிரி இருக்கு' என்றாள்,
கண்ணாடியில் திரும்பிப் பார்த்து, வலிக்கு நடுவே.

மறுநாள் டாக்டர் பூனையைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
எத்தனை ராத்திரி விட்டுப்போச்சு என்று மட்டும் கேட்டார்.
ஐந்து.
கல்யாண வீடு, ஒரே கூடத்தில் இருபது பாய்,
எட்டு மணிக்கு எந்தப் பையைத் திறந்தாலும்
யாராவது என்னவென்று கேட்பார்கள்.

மூன்று வயதில் வந்த அம்மை போகவே இல்லையாம்.
நரம்புக்குள் படுத்துக் கிடந்திருக்கிறது,
சாவியை மட்டும் கொண்டுபோய்
சென்னையில் இருக்கும் பங்குக்காரன் போல.
காவல் அசந்த நேரம் பார்த்து
வந்து தன் அறையைத் திறந்துகொள்ளும்.

புது மாத்திரை, நாளைக்கு நாலு வேளை.
சிட்டாள் ஆச்சியே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள்,
வளவே பார்த்திருக்க விழுங்கினாள்.
பழைய மாத்திரைக்கு மட்டும்
கதவைச் சாத்த வேண்டும்,
மிளகு டப்பாவைத் திறக்க வேண்டும்.

எனக்கு வேலை தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில்.
இவள் ரிப்போர்ட்டை நானே, ஆளில்லாத நேரத்தில்,
முகம் கவிழ்த்து நகல் எடுத்திருக்கிறேன்.
அந்தக் கடைத் தாள் ஒன்றில் எழுதினேன்:
என் மகள் மெய்யம்மைக்கு அக்கி. பத்து நாள் விடுப்பு வேண்டும்.
கை நடுங்கவில்லை.
இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம்.

வலப்பக்கம் ஒருக்களித்தபடி வாங்கி வாசித்தாள்.
'இதை எல்லார்ட்டயும் சொல்றியே ஆத்தா.'
ஆமா.
'அப்ப எட்டு மணி மாத்திரை எதுக்குன்னு மட்டும் ஏன் சொல்லக் கூடாது?'

சத்து மாத்திரை என்று இத்தனை வருஷம் சொன்னது
நாக்கு நுனிவரை வந்தது.
மெய் என்று தொடங்குகிற பெயரை வைத்தவர் போய்விட்டார்.
சொல்வதற்கு நான்தான் இருக்கிறேன்.

அலாரத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.
பேனா மூடியைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.
அது என் கையிலேயே இருந்தது.